காவேரிப்பாக்கம் ஏரியின் அக்கரையில் ஒரு ஃபைபர் படகைப் பழுதுபார்த்த விதம்

படகின் வலப்பக்க அடிப்பகுதியில், முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தல் விழுந்திருந்தது. ஏரி நிரம்பிய பிறகு நீருக்குள் மறைந்து நிற்கும் கருவேல மரங்களில் ஒன்றின் முறிந்த கிளை அந்த இடத்தில் குத்தி, படகு முன்னே நகர்ந்த வேகத்தில் அதன் ஃபைபர் ஓடு கிழிந்திருந்தது. வண்டல் கலந்த நீரில் ஒரு முழத்துக்குக் கீழே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஏரியின் உட்புறத்தில் கருவேலம் வளர்ந்துகிடக்கும் ஊர்களில் படகு ஓட்டுகிற எவருக்கும் இது புதிதல்ல.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஏரியை ஆள் அரவமற்ற இடம் என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வாலாஜாவுக்கு அருகில் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீரால் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பும்போது, அதன் பரப்பு ஏறத்தாழ 4,000 ஏக்கர். ஆழம் 30 அடிக்குச் சற்று மேல். கரைப்பக்கம் சாலையும் கடையும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்திலோ, நீர் மெல்லப் பரவி நிற்கும் மேட்டு நிலத்தில், இடுப்பளவு சேறும் முள்ளும் தவிர ஒன்றும் கிடையாது. அங்கிருந்து எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே ஊருக்குள் போவது என்பது நடக்காத காரியம். மழைக்காலத்தில் மீனவர் அண்ணன் ஒருவரோடும் என் மச்சானோடும் அடுப்பு, அரிசி, படுதா சகிதம் ஏரியைச் சுற்றிவந்து, ஆங்காங்கே மேட்டில் இரவு தங்குவது எங்களுக்கு வழக்கம். ஆகையால், எந்த உதவியும் வராது என்று வைத்துக்கொண்டுதான் பழுதுபார்க்கும் பெட்டியை நிரப்பியிருந்தோம். கடலில் மாதக்கணக்கில் படகோட்டிச் செல்பவர்கள் இதே கணக்கில்தான் பெட்டி கட்டுகிறார்கள்.

நீர் உள்ளே வரத் தொடங்கியதும் செய்ய வேண்டியது ஒட்டுவது அல்ல; பொத்தலை நீருக்கு மேலே தூக்குவது. மூவரும் இடப்பக்கம் நகர்ந்து, பெட்ரோல் கேனையும் அரிசி மூட்டையையும் அதே பக்கம் தள்ளியவுடன் படகு சாய்ந்து, பொத்தலின் மேல்பாதி வெளியே தெரிந்தது. மீதிப் பாதியில் குரோம் முறையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்றை கிரீஸ் தடவி உள்ளிருந்து திணித்தோம். ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் தோல் பட்டறைகளின் ஓரத்தில் மலிவாகக் கிடைக்கும் கழிவுத் துண்டுதான் அது. மிருதுவாக இருப்பதால் கிழிந்த விளிம்பின் ஒழுங்கற்ற பற்களுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கிறது; தண்ணீரில் ஊறினாலும் இற்றுப்போவதில்லை. ஒரு காலத்தில் பரிசலுக்கே தோல்தான் போர்த்தினார்கள் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. வெளிப்புறத்தில், ஒரு படுதாத் துண்டின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி, படகின் அடியாக இழுத்துப் பொத்தலின்மேல் படியவைத்தோம். வெளியேயுள்ள நீரின் அழுத்தமே அதை ஓட்டோடு ஒட்டவைத்துவிடும். பெரிய கப்பல்களிலும் இந்த உத்தியைக் கையாண்டிருக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகு, ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க, துடுப்பால் தள்ளி மேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

படகை நீரிலிருந்து வெளியே இழுப்பதற்குக் காய்ந்த கருவேலக் கட்டைகளை உருளையாகப் போட்டு, மூங்கிலை நெம்புகோலாக வைத்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சினையும் கனமான பொருள்களையும் முதலில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். படகைக் குப்புறக் கவிழ்க்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்து நிறுத்தினோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் கை எட்ட வேண்டும் என்பதே காரணம்.

சேதத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கண்ணாடி இழையையும் ரெசின் என்ற இறுகும் பிசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்து வார்த்தது ஃபைபர் ஓடு. அது அடி வாங்கும்போது வெளியே தெரியும் பொத்தலைவிட உள்ளே அடுக்குகள் பிரிந்த பகுதி பெரிதாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பொத்தலைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மொத்தையாக ஒலிக்கும். ஒலி மாறுகிற புள்ளிகளைச் சாக்கட்டியால் குறித்து இணைத்தபோது, உள்ளங்கை அகலப் பொத்தலுக்குப் பின்பக்கமாக நான்கு விரற்கடை நீண்ட ஒரு வால் இருப்பது தெரிந்தது. அந்த வாலையும் சேர்த்து, விளிம்பில் வெள்ளையாக வெளிறிப்போன இழைகள் எதுவும் மிஞ்சாதபடி ஹேக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தோம். சேதமான இழையை உள்ளே விட்டுவிட்டு அதன்மேல் எத்தனை அடுக்கு போட்டாலும், ஒட்டு நிற்பது அந்தச் சேதமான இழையின் மேல்தான்.

அடுத்து ஈரம். இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் பிடித்தது இதுதான்; இதற்குக் கொடுத்த நேரம் எதுவும் வீணாகவில்லை என்றும் சொல்வேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயனத் தொட்டிகளுக்கு ஃபைபர் பூச்சு போடும் வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: பிய்ந்துவந்த ஒட்டுகளைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பசை கெட்டிருக்காது; அதன் அடியில் ஈரமோ எண்ணெயோ தூசியோ இருந்திருக்கும். அறுபட்ட கண்ணாடி இழைகள் விளக்குத் திரியைப்போல நீரை உள்ளே இழுத்துவைத்துக்கொள்கின்றன. எங்கள் படகில் அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. உட்தளத்துக்கும் வெளி ஓட்டுக்கும் இடையில் மிதப்புக்காக நிரப்பிய பாலியூரிதேன் நுரை, பொத்தல் வழியாக வந்த நீரை உறிஞ்சி ஊறிப்போயிருந்தது. உட்தளத்தைச் சதுரமாக அறுத்துத் திறந்து, ஊறிய நுரையைக் கையாலேயே பிடுங்கி எறிய வேண்டியிருந்தது. விட்டிருந்தால் மேலே எவ்வளவு காய்ந்தாலும் பின்னாலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்திருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலூர்ப் பக்கம் பகலில் வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் குறையாது. வெயிலை மட்டும் நம்பினால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடையில் விற்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கிக்கு மின்சாரம் வேண்டும். நெருப்பை ஓட்டுக்கு நேரே காட்டினால் ரெசின் கருகும். ஆகவே, மேட்டு மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தோம். கையில் பிடித்துக்கொள்ள முடியாத சூடு, ஆனால் துணி கருகாத சூடு என்பதே அளவு. ஒரு முடிச்சு ஆறும்போது இன்னொன்று சட்டியிலிருந்து வரும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தோம். முதல் சில சுற்றுகளில் அறுத்த விளிம்பிலிருந்து நீர் முத்து முத்தாகக் கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு அது நின்றுவிடும். அது நின்றதைக் கண்டு மச்சான் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது, மீனவர் அண்ணன் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “அவசரப்படாத தம்பி, உள்ள ஈரம் இன்னும் கீது” என்றார்.

அவர் விரலால் சொன்னதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளை அந்த இடத்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, வெயிலில் விட வேண்டும். தாளின் உட்புறம் மூடுபனியாகப் பூத்தால் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு அது பூத்தது. மறுபடியும் மணல் வறுத்தோம். தாள் தெளிவாகவே இருந்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டோம். கடலில் இருப்பவர்களுக்கு இதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது: பொத்தலை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி உப்பை வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏரியில் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதிலாகப் பாசியும் வண்டலும் படிந்த வழவழப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். அதை உலர்த்துவதற்கு முன்பே முடித்திருந்தோம்.

ஒட்டு பிடிப்பதற்கான சரிவைச் செதுக்குவது உடம்பு நோகிற வேலை. பொத்தலின் விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிட்டு மேலே தட்டையாக ஒட்டுப் போட்டால் சுமை முழுவதும் ஒரு கோட்டில் விழுந்து, அந்தக் கோட்டிலேயே மறுபடி விரியும். ஓட்டின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்கு மெல்லச் சரித்துக்கொண்டு வருவதுதான் முறை. எங்கள் படகின் ஓடு அந்த இடத்தில் 5 மில்லிமீட்டர். ஆகவே விளிம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர் சரிவு. உள்ளங்கை அளவுப் பொத்தலைச் சுற்றி வேலைசெய்ய வேண்டிய இடம் ஒரு சாண் அகலத்துக்கு மேல் போய்விடும். கிரைண்டர் இருந்தால் சிறிது நேர வேலை. எங்களிடம் இருந்தவை முரட்டு அரமும், மரக்கட்டையில் சுற்றிய 40ஆம் எண் உப்புத்தாளும்தான். கையால் தேய்ப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அடுக்கடுக்காக வளையங்கள் தெரிந்துகொண்டே வருவதால் சரிவு சீராக இருக்கிறதா என்று கண்ணாலேயே கணிக்கலாம். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிப்பு எளிதில் விடாது. முழுக்கைச் சட்டை போட்டு, மூக்குக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டோம். அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் எங்கள் வேலையில் உண்டு. ஆனால் ஒட்டு வேலை முடியும்வரை எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவே கூடாது. அந்தக் கை ஒருமுறை பட்டாலும் அவ்விடத்தில் ரெசின் பிடிக்காது. கடைசியில் சுத்தமான வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து, ஒரே திசையில், துணியின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடைத்தோம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால், அதற்கு வெகுமுன்பே அடுப்பை அணைத்துச் சாம்பலின்மேல் மண் போட்டிருந்தோம்.

எந்த ரெசின் என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் பெரும்பாலோர் பாலியெஸ்டர் என்றே பதில் சொல்வார்கள், படகே பாலியெஸ்டரில்தான் வார்க்கப்பட்டது என்பதால். புதிதாக வார்ப்பதற்கு அது போதும். இறுகிப் பழகிய ஓட்டின்மேல் போடும் ஒட்டுக்கு நான் எபாக்சி என்ற வேறுவகை ரெசினையே எடுப்பேன். விலை கூடினாலும் பழைய ஓட்டின்மேல் அது நன்றாகப் பற்றுகிறது, இறுகும்போது சுருங்குவதும் குறைவு. வெளியிடங்களுக்குக் கொண்டுபோவதற்கும் அதுவே பாதுகாப்பு. பாலியெஸ்டரை இறுகவைக்க வேண்டிய கேட்டலிஸ்டையும், அதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் தவறிப்போய் நேரடியாக ஒன்றுசேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஆடும் படகில் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தவிர, வேலூர்க் கோடையில் பாலியெஸ்டர் ரெசின் டின்னுக்குள்ளேயே கூழாகிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எபாக்சியை எடுத்தால் இரண்டு விஷயங்களில் பழைய கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டரில் குளிருக்கு ஏற்பக் கேட்டலிஸ்டை ஒரு சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம்வரை கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில், அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, அரைகுறையாகத்தான் இறுகும். புட்டியில் அச்சிட்ட விகிதம்தான் விகிதம். அது எடைக்கா கொள்ளளவுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. நாங்கள் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொள்ளளவு விகிதப்படி அளந்தோம். இரண்டாவது, கண்ணாடி மேட். தொட்டி வேலையில் பயன்படும் சாதாரண மேட் என்பது நெய்யாத இழைகளைப் பசையால் பிடித்துவைத்த விரிப்பு. அந்தப் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் அந்த மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது. ஆகவே நெய்த கண்ணாடித் துணியையே கொண்டுபோயிருந்தோம்: சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ளது. கையால் போடும்போது ஓர் அடுக்கு ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் கனம் வரும். 5 மில்லிமீட்டருக்கு ஏழு அடுக்கு.

துணிகளை முன்கூட்டியே வெட்டி, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகச் செய்தித்தாளின்மேல் அடுக்கி எண் போட்டுவைத்தோம். ரெசினைக் கலந்த பிறகு கத்தரிக்கோலைத் தேடக் கூடாது. பொத்தலின் உட்பக்கம், துணி தொங்கிவிடாமல் தாங்குவதற்கு, காலி பிளாஸ்டிக் கேனின் வளைந்த பக்கத்தை வெட்டிப் பாலிதீன் சுற்றி முட்டுக்கொடுத்தோம். அந்த வளைவு படகின் வளைவுக்கு ஓரளவு பொருந்தியது. கலந்த எபாக்சியை ஆழமான குவளையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகிவிடும் என்பதால் சாப்பாட்டுத் தட்டில் பரப்பிவைத்தோம். முதலில் துணி இல்லாமல் ரெசினை மட்டும் சரிவு முழுவதும் தேய்த்து ஊறவிட்டு, அதன்மேல் மிகப் பெரிய துணியைப் போட்டோம். சிறியதை முதலில் போட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. பெரியதை முதலில் போட்டால் அறுபடாத ஒரே துணி பழைய ஓட்டின் சரிவு முழுவதையும் பற்றுகிறது என்பது என் கணக்கு.

காற்றுக் குமிழை வெளியேற்றும் இரும்பு உருளைக்கு நீண்ட போல்ட் ஒன்றில் பெரிதும் சிறிதுமாக வாஷர்களை மாற்றி மாற்றிக் கோத்து, இரு முனையிலும் நட்டைத் தளர்வாக முடுக்கி, கம்பியால் கைப்பிடி வளைத்துக்கொண்டோம். வாஷர்களின் விளிம்பு துணியின் இழைகளுக்கிடையே அழுத்தி உருளும்போது, பால்போல வெளுத்திருக்கும் துணி கண்ணெதிரே தெளிந்து, கீழே உள்ள ஓட்டின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். நான்கு அடுக்கு போட்டதும் நிறுத்தினோம். ஏழையும் ஒரே மூச்சில் போட்டால் சூடு ஏறித் துணி வெந்துவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியும், ஆனால் விரலில் ஒட்டாது என்ற பதம் வந்தவுடன் மீதி மூன்றையும் போட்டோம். அந்தப் பதத்தைத் தவறவிடாவிட்டால் இடையில் உப்புத்தாள் தேய்க்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாகவே இறுகும். மேலே பாலிதீன் தாள் விரித்து, தேய்ந்த செருப்பின் ரப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிட்டோம். உட்பக்கம் முட்டுக்கொடுத்த கேன் துண்டை எடுத்த பிறகு அங்கேயும் இரண்டு அடுக்கு போட்டு மூடினோம். மொத்தம் கலந்த ரெசின் கால் கிலோவை ஒட்டித்தான் வந்தது.

இரவில் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதால் இறுகுவது தாமதமாயிற்று. படுதாவால் கூடாரம்போல மூடி, காலையில் மறுபடி மணல் முடிச்சு, இந்த முறை மிதமான சூட்டில். பாலிதீனை உரித்த பிறகு, அது சரியாகப் படியாத ஓரங்களில் மெழுகுபோன்ற மெல்லிய படலம் இருந்தது. ஈரக் காற்றில் எபாக்சி இறுகும்போது இப்படிப் பூப்பது உண்டு. வெறும் தண்ணீரால் கழுவினாலே போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகு உள்ளேயே தேய்ந்து, பின்னால் அடிக்கும் பெயின்டைப் பிடிக்கவிடாது.

இறுகுவதற்குக் காத்திருந்த நேரத்தில் எஞ்சினைப் பார்த்தோம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. கிளையில் மோதியபோது புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் பின் என்ற சிறு கம்பி முறிந்திருந்தது. முறிவதற்காகவே மிருதுவான உலோகத்தில் செய்து வைக்கப்படும் பின் அது. அது முறியாவிட்டால் கியர் உடையும். அதனால் அவசரத்துக்கு எஃகு ஆணியைச் செருகும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பித்தளைக் கம்பியை அளவுக்கு அறுத்துப் போட்டோம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை, வண்டல் நீர் அராவி ஓரங்கள் வட்டமாகத் தேய்ந்திருந்தது; உபரி இறக்கை பெட்டியில் இருந்ததால் மாற்றினோம். கியர் எண்ணெயை ஒரு துளி எடுத்துப் பார்த்தோம். பால் நிறம் இல்லை, அதாவது தண்ணீர் கலக்கவில்லை; ஆகவே சீல் நன்றாகவே இருக்கிறது. எஞ்சினில் வேறு வேலை இல்லை.

படகை நீரில் இறக்குவதற்கு முன் உட்பக்க ஒட்டைச் சுற்றிக் காய்ந்த கோலமாவைத் தூவினோம். பிறகு படகை நீரில் தள்ளி, கட்டிவைத்து, மூவரும் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்து ஒட்டை நன்றாக நீருக்குள் அழுத்தினோம். கசிவு மயிரிழை அளவு இருந்தாலும் மாவு அந்த இடத்தில் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். நெடுநேரம் பார்த்தும் மாவு வெள்ளையாகவே இருந்தது. எபாக்சி முழு வலிமையை அடைய ஒரு வாரமாவது ஆகும் என்பதால், திரும்பும் வழியில் எஞ்சினைப் பாதி வேகத்துக்கு மேல் முடுக்கவில்லை. மோதிய மரத்தின் பக்கத்தில் நீண்ட மூங்கிலைக் குத்தி, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தோம்.

ஊரில் வந்து செய்த மிச்ச வேலை இரண்டு. எபாக்சி வெயிலில் நாளடைவில் வெளுத்துப் பொடியும். ஆகையால் வெளியே தெரியும் ஒட்டுக்கு மேல்பூச்சு கட்டாயம். ஃபைபர் படகின் வெளிப்பூச்சான பாலியெஸ்டர் ஜெல்கோட்டை எபாக்சியின்மேல் நம்பிப் போட முடியாது என்பதால், பாலியூரிதேன் பெயின்டை இரண்டு கை அடித்தேன். நிறம் படகின் நிறத்தோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை, அதைப் பொருட்படுத்தவுமில்லை. உட்தளத்தில் பிடுங்கி எறிந்த நுரைக்குப் பதிலாக மறுபடி நுரை ஊற்றவில்லை. மூடி இறுக்கி, மூடியைச் சுற்றி எம்-சீல் பூசிய காலிப் பிளாஸ்டிக் புட்டிகளை நெருக்கமாக அடுக்கி, அறுத்த சதுரத்தை ஸ்க்ரூவால் திறந்து மூடும் பலகையாக மாற்றிவிட்டேன். அடுத்த முறை அந்த இடத்தைப் பார்க்க அறுக்க வேண்டியிருக்காது.